நீதிபதி கட்டிய அபராதம்

நற்செய்திக் கூட்டங்களில் பலமுறை கேட்ட கதை இது. கூண்டில் நிற்பவன் நீதிபதியின் சொந்த மகன். சட்டப்படி முழு அபராதம் விதிக்கும் நீதிபதி, இருக்கையை விட்டு இறங்கி வந்து தம் பணத்தில் அதைக் கட்டுகிறார். சிலுவையில் தேவநீதியும் தேவ அன்பும் இப்படித்தான் இணைந்தன என்று முடிப்பார் பிரசங்கியார்.

கதையின் பலம் பெரிது. அநியாயத்தைக் கண்டும் காணாமல் விடுகிறவர் அன்புள்ளவராக இருக்க முடியாது. மன்னிப்புக்கு விலை உண்டு, அதை மன்னிக்கிறவரே ஏற்கிறார் என்ற ஆழமான உபதேசத்தை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது விளக்கிவிடுகிறது. குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா என்று 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்டு கேட்டார். அதற்கும் இதில் பதில் இருக்கிறது: விலை கொடுத்தவர் மூன்றாம் ஆள் அல்ல, நீதிபதியேதான்.

ஆனால் அபராதத்தை அப்பா கட்டலாம். சிலுவையோ மரண தண்டனை; அதை ஒருவருக்காக இன்னொருவர் ஏற்க எந்த நீதிமன்றமும் சம்மதிக்காது. எசேக்கியேல் 18ஆம் அதிகாரமும் ஒருவன் பாவத்தை இன்னொருவன் தலையில் ஏற்றுவதை மறுக்கிறது. கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த நூலில், கடவுளுக்குரிய கனத்தைக் கிறிஸ்து ஈடுசெய்ததால் தண்டனைக்கே இடமில்லாமல் போனது என்றார். சட்டம் படித்த சீர்திருத்தவாதி ஜான் கால்வின்தான் 16ஆம் நூற்றாண்டில், நமக்குரிய தண்டனையையே கிறிஸ்து சுமந்தார் என்பதை அழுத்திச் சொன்னார். அவரும்கூடத் தேவ அன்பே முந்தியது, சிலுவை அதை விலைக்கு வாங்கவில்லை என்று எச்சரித்திருக்கிறார். மேடையில் அந்த எச்சரிக்கை உதிர்ந்து, கோபக்காரப் பிதாவும் அவரைத் தணிக்கும் குமாரனுமே மிஞ்சுகிறார்கள். இயேசுவை நேசித்துக்கொண்டே பிதாவுக்கு நடுங்கும் விசுவாசிகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, அந்த நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர் இல்லை என்பது. அபராதம் அரசுக்குப் போய்விடும். அடிபட்டவருக்கு ஆறுதல் வார்த்தைகூடக் கிடைக்காது. கணவனிடம் அடிவாங்கிய பெண்ணிடம், "கர்த்தரே அவரை மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு" என்று சொல்லி அனுப்பும் ஆலோசனையின் வேர் இங்கேதான் இருக்கிறது. லூக்கா 19இல் இயேசு வரி வசூலிக்கும் சகேயுவின் வீட்டுக்கு முதலில் போகிறார். அன்பு முந்துகிறது. அந்த அன்பு சகேயுவை, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தர எழுப்புகிறது. அதன் பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. வேதம் காட்டும் நீதி இழந்தவருக்கு இழந்ததை மீட்டுக் கொடுக்கிறது. தண்டனைக் கணக்கைத் தீர்த்ததும் அது முடிந்துவிடுவதில்லை.

நீதிபதியின் கதையைக் கைவிட வேண்டியதில்லை. அதைச் சொல்லும் பிரசங்கியார்களே, அதே மேடையில் சகேயுவையும் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.