கந்தசாமி எங்கே போனார்?

பழைய வீட்டைப் புதுப்பிப்பது என்பது ஒரு வாசிப்பு. எந்த வரியை வைத்துக்கொள்வது, எதை அடித்துவிடுவது என்று தீர்மானிப்பவர் கையில் அதிகாரம் இருக்கிறது. சுவருக்கு என்ன பூச்சு, வாசலில் திண்ணையா மதிலா, முன்னால் என்ன செடி என்பதெல்லாம் வெறும் ரசனை சமாச்சாரமாகவே பேசப்படுகிறது. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்தால், இதற்குள் ஓர் அரசியல் உட்கார்ந்திருப்பது தெரியும்.

மலைமேலிருந்து தொடங்குவோம். ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறிப்போகிறவர்கள் அதை இயற்கை கொடுத்த இடமாகத்தான் பார்க்கிறார்கள். ஊற்று, மர நிழல், கீழே அருணாசலேசுவரர் கோபுரங்கள். ஆனால் அது கைகளால் செய்யப்பட்ட நிலக்காட்சி. முள்ளும் பாறையுமாகக் கிடந்த சரிவை வெட்டிச் சமப்படுத்தி, மரம் வைத்து, இருக்கத் தோதாக்கியவர் கந்தசாமி என்கிற அன்பர். 1916 முதல் 1922 வரை ரமணர் அங்கே இருந்தார். அவருடைய தாய் அழகம்மாள் 1922 மே 19 அன்று அங்கேதான் இறந்தார். கந்தசாமியின் பெயரால்தான் அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. கந்தசாமி ஸ்கந்தனாக ஆனதும் கதை மாறிவிட்டது. "முருகன் பேர்ல இருக்கற ஆசிரமம்தானே?" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். கல் சுமந்த மனுஷன் கடவுளுக்குள் காணாமல் போய்விட்டான். ஒரே ஒரு எழுத்தில் நடந்த புதுப்பித்தல் இது.

கீழே வந்தாலும் இதே கேள்விதான். அம்மாவின் சமாதிமேல் முதலில் இருந்தது ஒரு கொட்டகை. அதே இடத்தில் 1939இல் தொடங்கிய மாத்ருபூதேசுவரர் கருங்கல் கோயிலுக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. ஆக, இதில் எது 'பழமை'? கொட்டகையா, கல்லா? மூலநிலை என்று ஒன்று கிடையாது, அடுக்குகள்தான் உண்டு. ஊகம் தொடங்குகிற இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் நிலைப்பாடு. ஒரு காலகட்டத்தை மட்டும் உசத்தி, மற்ற அடுக்குகளைச் சுரண்டி எறிவதற்கு எதிராக வில்லியம் மாரிஸ் 1877இலேயே ஒரு சங்கம் தொடங்கினார். மாரிஸ் சோசலிஸ்டாகவும் ஆனவர் என்பதை நம் தோழர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பகுதியில் ஒரு பழைய வீட்டுக்கு வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டு சிமென்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் கேட்டேன். "சுண்ணாம்பு ஊறணும், அரைக்கணும், கடுக்காய்த் தண்ணி, வெல்லம்னு சேக்கணும். எங்கப்பா காலத்து வேலைங்க அது. இப்ப பத்து நாள்ல முடிச்சுக் குடுங்கறாங்க. நாங்க என்னங்க பண்றது?" என்றார். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். கொஞ்ச காலத்தில் உப்பு பூத்து, பூச்சு செங்கல்லோடு பெயர்ந்து வரும். அதன்மேல் 'பாரம்பரிய' நிறத்தில் பெயின்ட் அடிப்பார்கள். வழிப்போக்கன் உட்கார்ந்த திண்ணை இடிபட்டு மதிலாகிறது. மதிலுக்குள் புல்தரை. வறண்ட மாவட்டத்தில், கோடையிலும் தண்ணீர் கேட்கிற புல்.

"அக்ரகாரத்து வீடும் ஆசிரமத்துச் சுவரும் இடிஞ்சா நமக்கென்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. முடிவில்தான் நான் வேறுபடுகிறேன். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் தங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. பூச்சில் பதிந்த கரணையின் தடம்தான் அவர்களுடைய கையெழுத்து. சுவரைக் கொத்தி எறியும்போது உரிமையாளரின் வரலாறு பத்திரத்தில் பத்திரமாக இருக்கிறது. உழைத்தவனின் ஒரே ஆவணம்தான் குப்பை வண்டியில் போகிறது.

அரசு வந்து காப்பாற்றட்டும் என்பதும் சரியான விடையல்ல. 2002இல் அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக மத்திய அரசு அறிவித்தபோது ஊரே எதிர்த்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்பது விதி. மாடவீதிக்காரர்களின் பிழைப்பைக் கேட்காமல் வந்த பாதுகாப்பு அது. அறிவிப்பு பிறகு திரும்பப் பெறப்பட்டது.

1928இல் ஆசிரமம் வந்து சேர்ந்து பத்தாண்டுகள் அங்கே கட்டட வேலைகளை மேற்பார்த்த அண்ணாமலை சுவாமியின் பணிகளில் ஒன்று, மலைவெள்ளம் ஆசிரமத்துக்குள் பாயாமலிருக்கக் கட்டிய தடுப்புச் சுவர். மலையடிவாரத்தில் நிலத்தைச் சீரமைப்பது என்றால் முதலில் தண்ணீருக்கு வழி சொல்வதுதான் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அதே மலையின் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் செத்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த மாதிரி வீடுகளுக்கு நம் சொல்லாடலில் இருக்கிற பெயர் 'ஆக்கிரமிப்பு'. கந்தசாமி செய்ததும் மலைச்சரிவை வெட்டி வீடாக்கியதுதான். ஞானி குடியேறினால் புண்ணியத்தலம், கூலிக்காரன் குடியேறினால் ஆக்கிரமிப்பு. சரிவின் ஆபத்து நிஜம், மறுக்கவில்லை. ஆனால் ஆபத்தைக் காட்டி அவர்களை அப்புறப்படுத்துகிறவர்கள், பிழைப்புக்கு எட்டும் தூரத்தில் பட்டாவோடு மாற்றிடம் கொடுக்கிறார்களா என்று கேட்டாக வேண்டும்.

எனவே ஒரு பழைய வீட்டின் வெளிப்புறத்தைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்களிடம் எனக்கு மூன்றே கேள்விகள். மழைத்தண்ணி எங்கே போகும்? திண்ணை இருக்குமா? கட்டினவன் பேரை எங்கே எழுதப்போறீங்க?