வட்டரங்கில் விளைந்த நாடகவியல்: ஆலன் ஏக்போர்னின் எழுத்தும் நெறியாள்கையும்

முன்னுரை

சமகால ஆங்கில நாடகம் குறித்த திறனாய்வுகள் ஹெரால்டு பின்டர், டாம் ஸ்டாப்பர்ட், காரில் சர்ச்சில் ஆகியோரை மையப்படுத்தியே பெரிதும் அமைகின்றன. 80க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிய ஆலன் ஏக்போர்ன் (பி. 1939), ‘நடுத்தர வர்க்க நகைச்சுவையாளர்’ என்னும் அடையாளத்தோடு ஒதுக்கப்படுவதுண்டு. அச்சிட்ட உரையாடலை மட்டுமே நாடகமாகக் கொள்ளும் வாசிப்பின் விளைவு இது. எழுத்தாளரும் நெறியாளரும் ஒருவரேயாகி ஓர் அரங்கில் நெடுங்காலம் இயங்கியமையே அவர் நாடகங்களின் கட்டமைப்பையும் அவற்றின் துயர உட்பொருளையும் வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஸ்கார்பரோ அரங்கும் பயிற்சியும்

யார்க்ஷயர் கடற்கரை நகரான ஸ்கார்பரோவில், பொது நூலகக் கட்டடத்தின் மாடியில், ஸ்டீபன் ஜோசப் 1955இல் வட்டரங்கு ஒன்றைத் தொடங்கினார். ஏக்போர்ன் 1957இல் அங்கு மேடைப் பணியாளராகவும் நடிகராகவும் சேர்ந்தார். நடிக்கக் கிடைத்த பனுவலைக் குறைகூறிய அவரிடம், அதைவிடச் சிறந்ததை எழுதிக் காட்டுமாறு ஜோசப் அறைகூவல் விடுத்தார். அதன் பயனாக 1959இல் ரோலண்ட் ஆலன் என்னும் புனைபெயரில் அவருடைய முதல் நாடகம் அரங்கேறியது. 1972 முதல் 2009 வரை அவ்வரங்கின் கலை இயக்குநராக அவரே இருந்தார். எந்த நாடகத்தை எழுதும்போதும் அதனை எத்தகைய மேடையில், எத்தனை நடிகரைக் கொண்டு நெறியாளப்போகிறோம் என்பதை அறிந்தே அவர் எழுதினார்.

மேடைக்கு அப்பால் நிகழ்வது

‘அப்சர்ட் பெர்சன் சிங்குலர்’ (1972) மூன்று கிறிஸ்துமஸ் விருந்துகளை மூன்று வீட்டுச் சமையலறைகளில் நிகழ்த்துகிறது. விருந்து நடைபெறும் கூடம் மேடைக்கு வெளியே உள்ளது. விருந்தினர் தம் பொய்ம்முகங்களைக் கழற்றும் இடமே காட்சிக்களமாகிறது. இரண்டாம் அங்கத்தில் ஈவா ஏறத்தாழ ஒரு சொல்லும் பேசாமல் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள மீண்டும் மீண்டும் முயல்கிறாள். அவள் அடுப்பைத் துப்புரவு செய்வதாகவும் விளக்கைச் சீர்செய்வதாகவும் எண்ணிக்கொண்டு, விருந்தினர் உற்சாகத்தோடு அவ்வேலைகளைத் தாமே ஏற்கின்றனர். உரையாடலை மட்டும் படிப்பவருக்கு இது உதவிக்கு முந்துவோரின் கேலிக்காட்சி. வட்டரங்கிலோ, அவையின் ஏதேனும் ஒரு பகுதியினர் எப்போதும் ஈவாவின் முகத்தைக் கண்டுகொண்டேயிருப்பர். ஒருபுறம் எழும் சிரிப்பை எதிர்ப்புறத்து மௌனம் விசாரணை செய்கிறது. பனுவலில் வெற்றிடமாகத் தோன்றும் அவளது பாத்திரம் நிகழ்த்துகையில் அங்கத்தின் மையமாகிவிடுகிறது.

‘நார்மன் காங்க்வெஸ்ட்ஸ்’ (1973) இவ்வுத்தியை மேலும் விரிக்கிறது. ஒரே வார இறுதி, அதே ஆறு மாந்தர், மூன்று நாடகங்கள். உணவறை, வரவேற்பறை, தோட்டம் என ஒவ்வொன்றும் ஒரு களம். ஒன்றில் வெளியேறுபவர் மற்றொன்றில் நுழைகிறார். எந்த ஒரு நாடகமும் முழு உண்மையைத் தருவதில்லை. பிறர் துயரைப் பற்றிய நம் அறிவு எப்போதும் ஓர் அறைக்குள் அடங்கியதே என்பது வடிவத்தின் வழியாகவே உணர்த்தப்படுகிறது. இலண்டன் ஓல்டு விக் அரங்கில் மேத்யூ வார்கஸ் 2008இல் இதனை மீண்டும் நெறியாண்டபோது, படச்சட்ட மேடை கொண்ட அவ்வரங்கையே வட்டரங்காக மாற்றியமைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

நோக்குநிலையின் சிதைவு

‘உமன் இன் மைண்ட்’ (1985) நாடகத்தில், தலையில் அடிபட்ட சூசன் காண்பதையும் கேட்பதையும் மட்டுமே அவையினரும் காண்கின்றனர், கேட்கின்றனர். மருத்துவரின் பேச்சு தொடக்கத்தில் அவளுக்குப் புரியாத ஒலியாகிறது. முடிவில் அவளது பேச்சே பிறருக்குப் புரியாததாகிறது. அவளை ஆற்றுவதற்காகத் தோன்றிய கற்பனைக் குடும்பம் படிப்படியாக அவள் கட்டுப்பாட்டை மீறுகிறது. ஈவாவைப் புறத்தே நின்று கண்ட அவை, சூசனின் அகத்தே அடைபடுகிறது. 1987இல் தேசிய அரங்கில் ஆர்தர் மில்லரின் ‘எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்’ நாடகத்தை நெறியாண்டு பாராட்டுப் பெற்ற ஏக்போர்னுக்குத் துன்பியல் அயலானதன்று என்பதை இந்நாடகமும் மெய்ப்பிக்கிறது.

எல்லைகள்

இவ்வாற்றலுக்கு எல்லைகளும் உண்டு. அவர் காட்டும் உலகம் பெரும்பாலும் ஆங்கிலப் புறநகர் நடுத்தர வர்க்கத்தினருடையது. குடியேற்றத்தால் மாறிவந்த பிரித்தானியா அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. மேலும், 16 முடிவுகளைக் கொண்ட ‘இன்டிமேட் எக்ஸ்சேஞ்சஸ்’, ஒரே நடிகர் குழு அடுத்தடுத்த இரு அரங்குகளில் ஒரே வேளையில் நடிக்கும் ‘ஹவுஸ்’, ‘கார்டன்’ (1999) ஆகியவற்றில் கட்டமைப்பின் வியப்பு மாந்தரின் துயரை மறைத்துவிடும் இடர் உள்ளது. வடிவம் மாந்தரின் அறியாமையைப் பொருளாகக் கொள்ளும்போதே அவரது உத்தி முழுப்பயன் தருகிறது.

முடிவுரை

ஏக்போர்னின் நாடகங்களில் சொல்லப்படாததும் காணப்படாததுமே பொருட்செறிவு மிக்கவை. அவற்றை உரையாடலில் மட்டும் தேடும் வாசிப்பு, ஈவாவின் விருந்தினரைப் போலவே, கண்முன் நிகழும் துயரைக் காணத் தவறுகிறது. நாடகத்தைப் பனுவலாக மட்டும் பயிற்றுவிக்கும் கல்விப்புலங்கள், அரங்க அமைப்பையும் நெறியாள்கையையும் பொருள்கோடலின் பகுதியாக ஏற்க வேண்டியதன் தேவையை அவரது கலைவாழ்வு உணர்த்துகிறது.