காலைக் காட்டாத கேமரா

2008 செப்டம்பர் கடைசியில் ஆறு மாத ஆன்சைட் வேலையாக இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் போயிருந்தேன். ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு அறை. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும், தனியாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார். இறங்கிப் போனால் டீ, பிஸ்கட், பிபிசியில் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்'.

எனக்கு அப்போது வால்ட்ஸுக்கும் டாங்கோவுக்கும் வித்தியாசம் தெரியாது. பளபளா உடுப்பு, நாலு ஜட்ஜ், ஆளுக்குப் பத்து மார்க், அப்புறம் போனில் ஓட்டு. பொழுது போச்சு, அவ்வளவுதான். ஆனால் அவர் பார்த்த விதம்தான் விசித்திரமாக இருந்தது. 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகையை மடித்துக் கண்ணுக்கு முன்னால் நீட்டிப் பிடித்து, டிவியின் மேல் பாதியை மறைத்துக்கொள்வார். ஆடுகிறவர்களின் இடுப்புக்கு மேலே எதுவும் தெரியக் கூடாது. கால் மட்டும். திடீரென்று கேமரா முகத்துக்குப் போய்விட்டால் பத்திரிகையைத் தொடையில் அடித்து, 'போச்சு, எடுத்துட்டான்' என்பார்.

என்னதான் பார்க்கிறீங்க என்று ஒரு நாள் கேட்டேன். எழுந்து நின்று, சமையலறைக்கு வா என்றார். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப் எதுவானாலும் முன்னால் வைக்கிற அடி பொதுவாகக் குதிகாலில்தான் இறங்க வேண்டும், நாம் தெருவில் நடப்பது போலவே. கத்துக்குட்டிகள் பயத்தில் முன்னங்காலை வைத்துத் தட்டித் தடவி நடப்பார்கள். வால்ட்ஸில் மூன்றாவது தாளத்துக்கு இரண்டு பாதமும் சேரும். ஃபாக்ஸ்ட்ராட்டின் ஃபெதர் ஸ்டெப்பில் சேரவே சேராது, ஒன்றை ஒன்று தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் பார்க்க எளிதாகவும் ஆடக் கடினமாகவும் இருப்பது ஃபாக்ஸ்ட்ராட். இதெல்லாம் லினோலியம் தரையில், ஷூ இல்லாமல், ஒரு கையில் டீத்துணியோடு அவர் காட்டியது. என்னையும் பிடித்து நிறுத்தி ஆட வைத்தார். என் கை அவரைத் தள்ளியது. 'கையால தள்ளாதே, உன் உடம்பு முதல்ல நகரணும், எனக்குத் தெரிஞ்சுடும்' என்றார். லீட் பண்ணுவது என்றால் என்ன என்று இன்றுவரை நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

இந்த நிகழ்ச்சி மீது எனக்குள்ள முதல் புகார் அங்கேதான் தொடங்குகிறது. டிவியில் லீட் என்று ஒன்று கிடையாது. பிரபலமும் தொழில்முறை ஆட்டக்காரரும் ஒரு வாரம் முழுக்க ஒரே ஒன்றரை நிமிட நடனத்தை மனப்பாடம் செய்கிறார்கள். பாட்டு தெரியும், ஒவ்வொரு அடியும் தெரியும், தளத்தில் வேறு ஜோடி கிடையாது. பிரபலம் ஆணாக இருந்தால், பின்னால் போகிற பெண்தான் பல நேரம் அவரைச் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு போகிறார். சீனியர் கோடு எழுதிவிட்டு ஃப்ரெஷர் பேரில் செக்-இன் பண்ணுகிற மாதிரி. நம் தொழிலில் பார்க்காததா!

நிஜமான போட்டி இதற்கு நேர் எதிர். பிளாக்பூல் நடன விழா 1920லிருந்து விண்டர் கார்டன்ஸ் கட்டடத்தின் எம்ப்ரஸ் பால்ரூமில் நடக்கிறது. இறுதிச் சுற்றிலேயே வழக்கமாக ஆறு ஜோடி ஒரே சமயத்தில் தளத்தில் இருப்பார்கள். என்ன பாட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாகப் போவார்கள். முன்னால் ஒருத்தர் குறுக்கே வந்தால் அந்த நொடியில் போட்ட திட்டத்தை மாற்ற வேண்டும், மாற்றியது பெண்ணுக்கு உடல் வழியாகப் போய்ச் சேர வேண்டும். பால்ரூம் என்கிற கலையின் பாதி இது. டிவிக்காரர்கள் தளத்தைக் காலி செய்து ஒரு ஜோடியை மட்டும் விட்டபோது அந்தப் பாதியையும் சேர்த்துக் காலி செய்துவிட்டார்கள்.

பழைய 'கம் டான்சிங்' இப்படி இல்லை என்பார் வீட்டுக்காரம்மா. அது எரிக் மோர்லி தொடங்கியது (பின்னாளில் உலக அழகிப் போட்டியைத் தொடங்கியவரும் இவரே). 1998 வரை ஓடியது. ஊருக்கு ஊர் அணியாக மோதுவார்கள். ஆடியவர்கள் கடையிலும் ஆபீசிலும் வேலை பார்த்த சாதாரண ஆட்கள். 2004ல் பிபிசி அந்தப் பெயரோடு பாஸ் லுர்மனின் 1992 படமான 'ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்' பெயரையும் ஒட்டிப் பிரபலங்களைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே அமெரிக்காவில் 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்'. அப்புறம் உலகம் முழுக்க. ஆரம்பத்தில் இருந்த நாலு ஜட்ஜ்களில் லென் குட்மேன் ஒருவர்தான் பால்ரூம் போட்டிகளில் ஆடி வந்தவர். கப்பல் துறையில் வெல்டராக இருந்து நடனத்துக்கு வந்த மனிதர். மற்ற மூவரும் மேடை, டிவி நடன அமைப்பாளர்கள். குதிகாலைப் பற்றி லென் பேசினால் அரங்கில் 'பூ' சத்தம் வரும். எங்கள் ஹாலில் கைதட்டல் வரும்.

சரி, மார்க் விஷயத்துக்கு வருவோம். பொட்டி தட்டுகிறவன் இதை விட முடியாது.

ஒரு கணக்கு. கிரெய்க் ரெவல் ஹார்வுட் கறாரான ஆள். 2 கூடப் போடுவார், 9ம் போடுவார். மற்றவர்கள் பெரும்பாலும் 6க்கும் 9க்கும் நடுவில் குந்தியிருப்பார்கள். ஒரு ஜோடிக்கு மூன்று ஜட்ஜ்கள் ஆளுக்கு 9, கிரெய்க் 4 என்று வையுங்கள்: 31. இன்னொரு ஜோடிக்கு நாலு பேரும் 8: மொத்தம் 32. நாலில் மூன்று பேர் முதல் ஜோடிதான் மேல் என்கிறார்கள், ஜெயிப்பது இரண்டாவது ஜோடி. கூட்டல் முறையில் யார் மார்க்கை அகலமாகப் பரப்புகிறாரோ அவர் ஓட்டுக்குத்தான் எடை அதிகம். கறார் ஜட்ஜ் என்று அரங்கம் கேலி செய்கிறது, ஆனால் ஸ்டீயரிங் அவர் கையில்.

போட்டி பால்ரூமில் 1940களிலேயே இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் ஸ்கேட்டிங் முறை, பனிச்சறுக்குப் போட்டியிலிருந்து வாங்கியது. இறுதிச் சுற்றில் ஜட்ஜ் மார்க்கே போடக் கூடாது, இடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். ஐந்து ஜட்ஜ், மூன்று ஜோடி. முதல் ஜோடிக்கு 1, 1, 1, 3, 3. இரண்டாவதுக்கு 2, 2, 2, 1, 1. மூன்றாவதுக்கு 3, 3, 3, 2, 2. கூட்டினால் முதல் ஜோடி 9, இரண்டாவது 8. குறைவாக இருப்பவர் ஜெயிக்க வேண்டும் என்றால் இரண்டாவது ஜோடி ஜெயிக்கும். ஸ்கேட்டிங் முறையில் கூட்டல் கிடையாது. ஐந்தில் மூன்று பேர் 'முதலிடம்' என்று சொன்னார்களா? சொன்னார்கள். முடிந்தது, முதல் ஜோடிக்குத்தான் கோப்பை. யாருக்கும் முதலிடத்துக்குப் பெரும்பான்மை இல்லையென்றால் 'இரண்டாம் இடமோ அதற்கு மேலோ' என்று சொன்னவர்களை எண்ணுவார்கள், அப்படியே கீழே. கூட்டல் வருவதெல்லாம் பெரும்பான்மையின் அளவும் சமமாகும்போதுதான். வன்மத்தோடு இரண்டு பேர் உங்களைக் கடைசியில் போட்டாலும் மூன்று பேர் உங்கள் பக்கம் இருந்தால் அசைக்க முடியாது. 2002 சால்ட் லேக் சிட்டி ஊழலுக்குப் பிறகு பனிச்சறுக்கே இடம் சொல்லும் வழியை விட்டுவிட்டுப் புள்ளிகளுக்குப் போய்விட்டது. கடன் வாங்கியவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

'ஸ்ட்ரிக்ட்லி' இதற்கு நடுவில் ஒரு கலப்பு செய்தது. ஜட்ஜ் மார்க்கைக் கூட்டி, அந்த வரிசையை மறுபடி புள்ளியாக மாற்றி, மக்கள் ஓட்டின் வரிசைப் புள்ளியோடு சேர்ப்பது. அது 2008 டிசம்பர் 13 அரையிறுதியில் எங்கள் கண் முன்னாலேயே வெடித்தது. மிச்சமிருந்தது மூன்று ஜோடி. ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் ஜட்ஜ்களிடம் சமமாக முதலிடம், ஆளுக்கு 3 புள்ளி. டாம் சேம்பர்ஸ் கடைசி, 1 புள்ளி. இப்போது நாடே டாமுக்கு ஓட்டுப் போட்டு அவர் மக்களிடம் 3 வாங்கினாலும் மொத்தம் 4தான். மற்ற இருவரில் ஒருவருக்கு 3+2=5, இன்னொருவருக்கு 3+1=4. கடைசி இரண்டு இடத்தில் டாம் கட்டாயம் இருப்பார். அதாவது, அவரை டான்ஸ்-ஆஃபிலிருந்து காப்பாற்ற என்று போன் செய்த ஒவ்வொருவரின் காசும் வீண். ஓட்டு விழ ஆரம்பித்த பிறகுதான் இது உறைத்தது போல. டான்ஸ்-ஆஃபை ரத்து செய்து மூவரையும் இறுதிக்கு அனுப்பினார்கள், ஓட்டுகளையும் அடுத்த வாரத்துக்கு எடுத்துப் போனார்கள். சமநிலைக்கு அடுத்தவருக்கு 1க்குப் பதில் 2 கொடுத்திருந்தால் போதும்: டாம் 5 வரை வந்திருக்க முடியும். ஒரு எல்லைக் கேஸைக்கூட டெஸ்ட் பண்ணாமல் புரொடக்‌ஷனுக்குப் போன கோடு. அடுத்த சனிக்கிழமை, டிசம்பர் 20, கோப்பையை வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே டாம் சேம்பர்ஸ்.

நான் பேப்பரில் இந்தக் கணக்கைப் போட்டு வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. 'அந்தப் பையன் குதிகாலில் நடக்கிறான்' என்றார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பாட்டுக்கு இன்றும் நேரடி இசைக்குழு வைத்திருக்கிறார்கள், அது சின்ன விஷயம் இல்லை. 2021ல் ரோஸ் ஐலிங்-எல்லிஸ், பிறவியிலேயே காது கேளாத நடிகை, ஜொவானி பெர்னிச்சேவுடன் ஆடிய ஒரு நடனத்தில் நடுவில் இசையை அடியோடு நிறுத்தினார்கள். இருவரும் நிற்காமல் ஆடிக்கொண்டே போனார்கள். அது பால்ரூம் வகை இல்லை, மனப்பாடம் செய்ததும்தான். ஆனாலும் சமையலறையில் 'எனக்குத் தெரிஞ்சுடும்' என்று கேட்ட வார்த்தைக்கு அர்த்தம் அந்த மௌனத்தில் தெரிந்தது. அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுக்கே.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பல வருடங்களில் 'ஸ்ட்ரிக்ட்லி' பிளாக்பூலுக்குப் போகும் வாரம் என்று ஒன்று உண்டு. 1899ல் ஃபிராங்க் மாட்சம் வடிவமைத்த டவர் பால்ரூம், தங்க முலாம், வுர்லிட்சர் ஆர்கன். தொகுப்பாளர்கள் குரல் தழுதழுக்கும், தாத்தா பாட்டி காலம், எல்லாரும் ஆடிய காலம் என்று. வீட்டுக்காரம்மாவும் அதையேதான் சொல்வார். வாலிபத்தில் வாரம் மூன்று நாள் ஹாலுக்குப் போவாராம். விக்டர் சில்வெஸ்டரின் ரெக்கார்டுகளை அப்போதும் வைத்திருந்தார் (1922ல் உலகச் சாம்பியன் ஆனவர், தாளம் பிசகாத இசைக்காகத் தானே இசைக்குழு தொடங்கியவர்). 'அப்பல்லாம் எல்லாரும் ஆடுவோம்' என்பார்.

ஊர் திரும்பிச் சில வருடம் கழித்து, வேறு எதையோ தேடும்போது ஒரு பழைய வழக்கு கண்ணில் பட்டது. 1958, வுல்வர்ஹாம்ப்டன் ஊரின் ஸ்காலா பால்ரூம். கறுப்பர்களும் மற்ற நிறத்தவர்களும் அங்கே ஆட அனுமதி இல்லை. வாசிக்க மட்டும் தடையில்லை, இசைக்குழுவில் உட்காரலாம், தளத்தில் இறங்கக் கூடாது. இசைக்கலைஞர்கள் சங்கம் தன் உறுப்பினர்களை அங்கே வாசிக்காதே என்றது. பால்ரூம்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு சங்கத்துக்கே சாதகம். இப்படிப்பட்ட தடையைச் சட்டமே விலக்கியது அதற்கும் ஏழு வருடம் கழித்து, 1965ல்.

டிவி தளத்தில் கால் தெரியவில்லை, லீட் இல்லை, கணக்குத் தப்பு என்று இவ்வளவு நேரம் புலம்பினேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓட்டி மபூசே 2019லும் 2020லும் அடுத்தடுத்துக் கோப்பை வாங்கியது அதே டிவி தளத்தில்தான். 1958ல் அந்த ஹாலின் வாசலில் நின்றிருந்தால் அவர் உள்ளே போயிருக்க முடியாது. நானும்தான். பழைய ஹாலைப் புகழ்ந்து புதிய டிவியைத் திட்டுகிற கட்டுரையை அதனாலேயே பல வருடம் என்னால் எழுத முடியவில்லை.

வீட்டுக்காரம்மாவின் ஊரும் அந்தப் பக்கம்தான். 1958ல் அவருக்கு இருபது இருபத்தியிரண்டு இருக்கும். என் கையைப் பிடித்து வால்ட்ஸ் சொல்லிக்கொடுத்தபோது ஒரு தயக்கமும் இல்லை, அதுவும் உண்மை. எந்த ஹாலில் ஆடினீங்க என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. 2013 வரைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்துகொண்டிருந்தது. வழக்கைப் படித்த பிறகும் இரண்டு வாழ்த்துக்குப் பதில் போட்டிருக்கிறேன், உடம்பு எப்படி, இந்த வருடம் யார் ஜெயிப்பார் என்று மட்டும் எழுதி.