ஒரே குற்றம், ஒருத்திக்கே முத்திரை!

குற்றம் புரிந்தோர் இருவர். தண்டனை மேடையிலே நிற்பவளோ ஒருத்தி! அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாத்தோர்ன் 1850-இல் வெளியிட்ட ‘ஸ்கார்லெட் லெட்டர்’ எனும் நாவல், இந்தக் காட்சியினின்றே வளர்கிறது.

பதினேழாம் நூற்றாண்டுப் பாஸ்டன் நகரம். மதமே அங்கு சட்டம். ஹெஸ்டர் கைக்குழந்தையுடன் மூன்று மணி நேரம் ஊரார் முன் நிறுத்தப்படுகிறாள். மார்பிலே சிவப்பு எழுத்து. ஆயுள் முழுதும் அதை அணிதல் வேண்டும். மரண தண்டனைக்குரிய குற்றத்திற்கு இது கருணையாம்!

மேலே மாடத்தில், ஆளுநரும் பெரியோரும் சூழ நிற்கிறார் இளம் பாதிரியார் டிம்ஸ்டேல். உடன் பாவம் செய்தவனின் பெயரை அவளிடம் கேட்டறியும் பணி அவரிடமே தரப்படுகிறது. கேட்கிறார், அவள் மறுக்கிறாள். அவன் வேறு யாருமல்லன், கேட்ட அவரேதான்! குற்றவாளியே விசாரணையாளன், என்னே நீதி! பெண்ணுக்குத் தாய்மையே சாட்சியாயிற்று. ஆணுக்கு அவள் மௌனமே கவசமாயிற்று.

ஆனால் அவர் மனச்சான்று அவரை வதைக்கவில்லையா என்பர் சிலர். வதைத்தது, உண்மை. பட்டினி கிடந்தார், தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொண்டார். எனினும் அது தாழிட்ட அறைக்குள் நிகழ்ந்தது. வெளியே பதவி குறையவில்லை, புகழ் தேயவில்லை. நான் பாவி என்று பிரசங்க மேடையில் பொதுப்படக் கூறினார். மக்கள் அதையும் பணிவென்று போற்றினர்! அவளோ ஊருக்கு வெளியே குடிசையில், தையல் வேலையால் பிழைத்தாள். ஆளுநரின் உடைக்கு அவள் பூவேலை வேண்டும். மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவள் கை ஆகாது!

ஏழாண்டுகளுக்குப் பின் அவர் மேடையேறி, உண்மையை உரைத்து உயிர் துறக்கிறார். அப்போதும் சிலர் நம்ப மறுத்தனர். மாந்தர் யாவரும் பாவிகளே என்பதை உணர்த்தவே அந்தத் தூயவர் அவள் கைகளில் இறந்தாரென்றனர். ஆண் தானே ஒப்புக்கொண்டாலும் விடுதலை செய்யும் சமுதாயம்!

இவ்வளவும் தீட்டிய ஹாத்தோர்ன், முடிவிலே தயங்குகிறார். ஆண்-பெண் உறவைச் செம்மைப்படுத்தும் புதிய உண்மையைக் கொணர்பவள் மாசற்றவளாய் இருத்தல் வேண்டும், தான் அதற்குத் தகுதியற்றவள் என ஹெஸ்டரையே எண்ண வைக்கிறார். ஏன் தகுதியில்லை? அநீதியைச் சுமந்தவளன்றோ அதன் எடையை அறிவாள்?

தோழர்களே, இந்நூலைப் படியுங்கள். அந்த இறுதிப் பக்கங்களோடு வாதிடுங்கள். ஒழுக்கம் பொதுச் சொத்தாயின் தண்டனையும் பொதுவாகட்டும். அவனுக்கு இல்லாத முத்திரை, அவளுக்கு மட்டும் எதற்கு?