மூட்டையை எண்ணுவதா, வண்டியை எண்ணுவதா?

ஏலமலையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் மூட்டைகளுடன் ஜீப்புகள் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, இரத்தத்தில் கொழுப்பு செல்லும் விதம் எளிதில் விளங்கும். கொலஸ்டிரால் நீரில் கரையாது. ஆகவே புரதம் சேர்ந்த நுண்துகள்களில் ஏறித்தான் அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. கொலஸ்டிரால் மூட்டை என்றால், துகள் ஜீப். புரதம் அதன் ஓட்டுநர்.

பரிசோதனைச் சீட்டில் நாம் காணும் கொலஸ்டிரால் அளவு மூட்டைகளின் கணக்கு. ஆனால் மலைப்பாதையில் நெரிசல் உண்டாவது வண்டிகளின் எண்ணிக்கையால் அல்லவா? அதுபோலவே, தமனிச் சுவருக்குள் புகுந்து தங்குபவை துகள்களே. தீங்கு செய்யும் துகள் ஒவ்வொன்றிலும் ‘அப்போபுரதம் பி’ ஒன்றே ஒன்று உண்டு. ஆகவே அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகும். கொழுப்பை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுசேர்க்கும் துகள்களில் இருப்பது ‘அப்போபுரதம் ஏ-1’. முன்னதைப் பின்னதால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தையே ஆய்வாளர்கள் பயன்படுத்துகின்றனர்.

இவ்விகிதத்தைப் பெரிய அளவில் சோதித்தது, 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு. கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில், இந்தியா உட்பட 52 நாடுகளில் இது நடந்தது. மாரடைப்புடன் மருத்துவமனை சேர்ந்த 15,152 பேரும், ஒப்பீட்டுக்காக 14,820 பேரும் இதில் இடம்பெற்றனர். விகிதம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட மாரடைப்பு வாய்ப்பு சுமார் 3.25 மடங்கு. கொலஸ்டிரால் விகிதங்கள் எதையும்விட இப்புரத விகிதமே சிறந்த அளவுகோல் என்று இதன் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது.

நமக்கு முக்கியமானது 2007-இல் வந்த கட்டுரை. உயர்ந்த விகிதம் தெற்காசியரில் 43.8 விழுக்காட்டினருக்கும், பிற நாட்டினரில் 31.8 விழுக்காட்டினருக்கும் இருந்தது. முதல் மாரடைப்பின் சராசரி வயது இங்கே 53. பிற நாடுகளில் 58.8.

அரிய பணிதான், ஐயமில்லை. எனினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, விகிதம் என்பது ஒரு பின்னம். மேல் எண் குறைந்தாலும், கீழ் எண் கூடினாலும் அது இறங்கும். இரண்டும் ஒரே நன்மை தருமா? ‘நல்ல’ கொலஸ்டிராலையும் ஏ-1 புரதத்தையும் உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, மரணங்கள் கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது. நோயை இனங்காட்டும் எண் வேறு. நோயை மாற்றும் எண் வேறு.

இரண்டாவது குறை பெரிது. ஆய்வில் சேர்ந்தவர்கள், வலி தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் உயிருடன் மருத்துவமனை வந்தவர்கள். இரவில் தோட்டத்துக் குடியிருப்பில் நெஞ்சு வலித்து, ‘வாயுப் பிடிப்பு’ என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்தவரும், போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளைத் தாண்டுமுன் உயிர் நீத்தவரும் இக்கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுடைய இரத்தம் என்ன சொல்லியிருக்கும்? எண்ணிக்கை பெரிது என்பதால் இக்குறை தீராது. முள் பூச்சியத்தில் நில்லாத தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே பிழைதான் வரும்.

ஆகவே மாணவர்களே, மாரடைப்பு ஆய்வு எதைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எதை எண்ணினார்கள்? யாரை எண்ணாமல் விட்டார்கள்? வீட்டில் எவருக்காவது நெஞ்சு வலித்தால் மட்டும் கேள்வி வேண்டாம். உடனே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.