கடனில் கட்டிய வடிகால், தூர்வார யார்?

சென்னையில் மழைநீர் வடிகால் வெட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது வாட்டம். கடலோரச் சமதளத்தில் வாட்டம் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடும்.

2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகளில் பல இடங்களில் வடிகாலே இல்லை. அப்போது வேலையை வார்டு வார்டாகத் துண்டு போடாமல் அடையாறு-கூவம், கோவளம், கொசஸ்தலையாறு என வடிநிலம் வாரியாகப் பிரித்தது நல்ல முடிவு. கடனும் அதே கணக்கில் வந்தது. முதலாவதற்கு உலக வங்கி, கோவளத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி, கொசஸ்தலையாற்றுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர். சொந்த வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால் மாநகராட்சி இதில் இறங்கியிருக்கவே முடியாது.

ஆனால், கட்டி முடித்த பிறகு வடிநிலத்துக்குப் பொறுப்பாளி இல்லை. தெரு வடிகால் மாநகராட்சியுடையது. அது போய்ச் சேரும் ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையிடம். பெரிய சாலைகள் சிலவற்றின் ஓரம் நெடுஞ்சாலைத் துறை. வடிகாலுக்குள் கள்ளத்தனமாக விடும் கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆறுகள் நிரம்பி, கடலும் தண்ணீரை வாங்காதபோது, கரையோரத் தெருக்களில் வடிகால் இருந்தும் பயன் இல்லாமல் போனது.

இதைவிடப் பெரிய குறை பணத்தில் இருக்கிறது. கடன் ஒருமுறைதான் வரும், வண்டல் ஆண்டுதோறும் வரும். பருவமழைக்கு முன் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: மணல், பால் பாக்கெட், டீக்கடைக் கப், யாரோ வீடு இடித்த செங்கல் துண்டு. அள்ளியதை அங்கேயே ஓரமாகக் குவிக்கிறார்கள். லாரி வருவதற்குள் ஒரு மழை பெய்தால் பாதி மண் மறுபடி உள்ளே போய்விடும். ஒரே மண்ணுக்கு இரண்டு கூலி.

கடன் கொடுத்த ஜெர்மனியில் பல நகரங்களில் வீட்டுக்காரர் மழைநீருக்கெனத் தனிக் கட்டணம் கட்டுகிறார். கூரையும் சிமெண்ட் தளமும் மூடிய பரப்புதான் அதற்குக் கணக்கு. மண்ணைத் திறந்து விட்டால் கட்டணம் குறையும். ஏழை மேல் இன்னொரு வரியா என்று இங்கே கேட்பார்கள். பரப்பை வைத்து வசூலித்தால் சுமை ஓலைக் கூரைக்கு அல்ல, கார் நிறுத்தத்துக்கே ஏக்கர் கணக்கில் தளம் போட்ட வணிக வளாகத்துக்கு. 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புத் தொட்டி வேலை செய்கிற வீட்டுக்குச் சலுகையும் தரலாம். அப்போதுதான் தூர்ந்த தொட்டியைத் திறந்து பார்க்க வீட்டுக்காரருக்கே ஒரு காரணம் கிடைக்கும்.

ஆனால், வசூலான பணம் பொதுநிதியில் கரையக் கூடாது. ஒவ்வொரு வடிநிலத்துக்கும் தனிக் கணக்கு, தெருமுனையிலிருந்து முகத்துவாரம் வரை பதில் சொல்ல ஒரே அதிகாரி. இந்த இரண்டும் இல்லாமல் இன்னொரு கடன் வாங்கினால், அது இன்னும் கொஞ்சம் வண்டல் தேங்க இடம் கட்டிய கதைதான்.