பெண்ணாகடம்: பெயர் ஈன்ற கதை

கற்பனை உலகின் ஊர்ப்பெயர்கள் எங்ஙனம் பிறக்கின்றன? மொழிநூலறிஞர் டோல்கீன் முதற்கண் மொழிகளைப் புனைந்தார். அவை வழங்கும் உலகையும் கதையையும் பின்னரே படைத்தார். அவர்தம் பெருங்கதை 1954-55இல் வெளிவந்தது. 1974இல் தோன்றிய ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டிலும் அதன் சாயல் படிந்துள்ளது.

பெயர் முன், கதை பின் என்னும் இம்முறை நம் தலபுராணங்களுக்குப் புதிதன்று. பெண்ணாடத்தின் பழம்பெயர் பெண்ணாகடம். கலிக்கம்ப நாயனாரின் ஊரைச் சேக்கிழார் அவ்வாறே குறிக்கின்றார். தேவமகளிரும் ஆவும் யானையும் வழிபட்டமையின் ‘பெண், ஆ, கடம்’ எனப் பெயராயிற்று என்பது புராணம். ஆயின், 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்தில் ஊர் ‘கடந்தை’ எனவும் கோயில் ‘தூங்கானைமாடம்’ எனவும் வழங்குகின்றன. உறையூர் உறந்தையானாற்போலக் கடந்தையும் மரூஉ எனக் கொள்ளின், பெயரின் நிலைக்களம் ‘கடம்’ என்னும் ஈற்றுச்சொல்லே. அச்சொல் காட்டையும் குறிக்கும். யானையின் மதத்தையும் குறிக்கும். உறங்கும் யானையின் முதுகையொத்த விமானம் கண்முன் நிற்றலின், புராணிகர் யானையைத் தேர்ந்தனர் போலும்.

ஆதலின், இப்புராணம் பெயரின் வரலாறன்று. பெயர் ஈன்ற இலக்கியம். ஆய்வு மாணவர் இதனைச் சொற்பிறப்புச் சான்றாகக் கொள்ளுதலும், பொய்யென ஒதுக்குதலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன.